உருமாத்தியின் ஒரே ஆள்

புளி கையில் ஒட்டியிருக்கும்போது ஜெபமாலையைத் தொட முடியாது, அதனால் ஒரு அருள் நிறைந்த மந்திரத்துக்கு ஒரு கொட்டை என்று முறத்தின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே வருகிறேன். பத்து சேர்ந்ததும் ஒரு பரலோக மந்திரம், அதோடு அந்தப் பத்தையும் கிண்ணத்தில் தள்ளிவிடுவேன். மாதா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள், அவளும் அடுப்படியில் நின்றவள்தான். இன்றைக்குத் தவக்கால வெள்ளி, துயர மறையுண்மைகள், ஏசு பட்ட ஐந்து பாடுகளையும் ஒவ்வொன்றாக நினைத்து ஜெபிக்க வேண்டும், மூன்றாவதில் இருக்கிறேன், முள்முடி சூட்டுகிறார்கள், புளியின் நார் நகக்கண்ணில் ஏறிச் சுருக்கென்கிறது, அதை நினைக்கிறேனா இதை நினைக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கூடத்தில் என் இளைய மகன் பிரிட்டோ மேஜைமேல் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறான், அதற்குள்ளிருந்து அவனுடைய குழுவில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பெண் சுகந்தி பேசுகிறாள், இரண்டு பேரும் கணினியில் போடுகிற சாமான்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள், இதுக்கு ஆள் இருக்கா, இல்ல, வேலை செய்யுதா, அதுவும் இல்ல, அப்ப எடுத்துடலாம். மளிகைக்கடையில் பழைய சரக்கைக் கழிக்கிற மாதிரி சாவகாசமாகத்தான் நடக்கிறது. எனக்குத்தான் ஒவ்வொரு எடுத்துடலாமுக்கும் ஒரு மந்திரம் பாதியில் அறுந்துபோகிறது. ஏனென்றால் அந்த வரிசையின் கடைசியில் உருமாத்தி இருக்கிறது, அதற்கு நேராகப் பராமரிப்பாளர் என்கிற இடத்தில் என் மூத்த மகன் ஜெரால்டின் பெயர் இருக்கிறது. இன்று மாலைக்குள் அவன் ஒரு வரி பதில் எழுதாவிட்டால் அதை எடுத்துவிடுவார்கள், அவன் பெயரும் அதோடு போய்விடும். எங்களுக்கு அவன் ஒரு வரி எழுதி இரண்டு வருஷமாகிறது. வேறு எங்கேயும் எங்களுக்குத் தெரிகிற மாதிரி அவன் பெயர் இல்லை. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக. கொட்டையைப் போட்டேனா இல்லையா. போட்டேன்.

லினக்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, எட்டாவதோடு நின்றவள் நான். கணினிக்கு உயிர் மாதிரி ஒன்று, அதை யாரும் விலைக்கு விற்கவில்லை, பொதுவில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் புரிந்தது. அதற்கு ஒரு களஞ்சியம். அதில் ஆயிரக்கணக்கில் பேக்கேஜ் என்று பொட்டலம் பொட்டலமாகப் போட்டிருக்கிறார்கள், படம் பார்க்க ஒன்று, கணக்குப் போட ஒன்று, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு ஆள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற மாதிரிதான், வைக்கிறவள் வைப்பாள், ஒரு ஞாயிறு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சண்டைக்குப் போக முடியாது, பூ வாடி நாறினால்தான் யாராவது எடுத்துப் போடுவார்கள். ஜெரால்டு கல்லூரியில் படிக்கும்போது பங்குச் சாமியார் பழைய செய்திமடல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார், அந்தக் காலத்து எழுத்தில் அடித்தது, புதுக் கணினியில் திறந்தால் ஒரே கிறுக்கல். அதை வாசிக்கிற தமிழாக மாற்ற இவன் ஒன்று எழுதினான், உருமாத்தி என்று பெயர் வைத்தான், களஞ்சியத்தில் சேர்த்தான், ஊர் ஊராக யார் யாரோ எடுத்து மாற்றிக்கொண்டார்கள். இப்போது மாற்றவேண்டியதெல்லாம் மாற்றியாகிவிட்டது போல. கீழே இருக்கிற ஏதோ ஒன்று புதிதாக மாறிவிட்டதால் இது அதன்மேல் உட்கார மாட்டேன் என்கிறதாம், திறக்கும், ஆனால் திக்கித் திக்கித்தான் ஓடும். அவன் பெயருக்கு நேராக ஆட்கள் குறை எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆள் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தான், என்னடா எழுதியிருக்கு என்று பிரிட்டோவைக் கேட்டேன், "விடும்மா, செத்துட்டானான்னு கேக்கறான்" என்றான், சொன்ன பிறகு அவனுக்கே முகம் மாறிவிட்டது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் ஒன்றும் இல்லை.

அண்ணன் தம்பி சண்டை என்றால் ஊரில் வாய்க்கால் வரப்பு என்பார்கள், என் பிள்ளைகளுக்கு வாய்க்காலும் இல்லை வரப்பும் இல்லை, பொட்டலத்தை எப்போது தூக்கிப் போடுவது என்பதில் சண்டை. இரண்டு பேருமே அந்தக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிற குழுவில் இருந்தார்கள். பார்க்க ஆள் இல்லாததை எடுத்துவிட வேண்டும் என்று பிரிட்டோ ஒரு விதி எழுதினான். ஆள் இல்லாத வீட்டைத் திறந்து போட்டால் திருடன்தான் குடி வருவான் என்றான். ஒருத்தர் பயன்படுத்தினாலும் இருக்கட்டும், அந்த ஒருத்தர் யார் என்று உனக்குத் தெரியுமா என்றான் ஜெரால்டு. இதையும் வாயால் பேசவில்லை. இவன் கூடத்தில், அவன் உள்ளறையில், நடுவில் ஒரு சுவர், சண்டை மட்டும் முந்நூறு பேர் வாசிக்கிற குழு மடலில். சாப்பிட வருவார்கள், ரசத்தை இந்தப் பக்கம் தள்ளு என்பான் ஒருத்தன், தள்ளுவான் மற்றவன், கையைக் கழுவிக்கொண்டு போய் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார்கள், டக் டக் என்று இரண்டு பக்கமும் சத்தம் கேட்கும். "ஏன்டா, எதிர்ல உக்காந்து வாயால பேசிக்கிட்டா என்னடா?" என்று கேட்டால் ஜெரால்டு சொல்வான், "அங்க பேசினாத்தாம்மா பேச்சு. நாளைக்கு யார் என்ன சொன்னாங்கன்னு அப்படியே இருக்கும்." இருந்தது. அதுதான் வினை. ஒரு நாள் பிரிட்டோ எழுதினான், திரு. ஜெரால்டு அவர்கள் சேர்த்து வைப்பதைப் பராமரிப்பு என்று நினைக்கிறார் என்று. உள்ளறையில் டக் டக் நின்றுவிட்டது. கதவைத் திறந்து வந்து தம்பிக்கு முன்னால் நின்றான். "திருவா? நான் உனக்கு திருவாடா?" அவ்வளவுதான் கேட்டான். குழுவுல எல்லாருக்கும் அப்படித்தான் எழுதணும், அதுதான் முறை என்றான் இவன். முறைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் புனேயில் வேலை என்று கிளம்பினான், மூன்று மாதத்தில் தொலைபேசி எண்ணை மாற்றினான். புது எண் எங்களுக்கு இல்லை. என் அக்கா மகள் அங்கேதான் இருக்கிறாள், அவளைக் கேட்டால், "ஆள் நல்லாத்தான் இருக்காரு சித்தி, கொஞ்சம் பூசினாப்பல கூட இருக்காரு, உங்க பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து போயிடறாரு" என்கிறாள். பூசினாப்பல இருக்கிறான். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன், பிறகு அங்கே யார் கையில் சாப்பிட்டுப் பூசினான் என்று ஒரு எண்ணம் வந்தது, அதை விரட்டினேன், போய்விட்டு மறுபடி வருகிறது, ஈ மாதிரி. எத்தனையாவது கொட்டை. ஏழா எட்டா. எட்டு என்றே வைத்துக்கொள்கிறேன், ஒன்று கூடினால் நஷ்டமில்லை.

"அடுத்தது என்னங்க?" என்கிறாள் சுகந்தி. "ஏதோ கேமராவோடது. அந்த கேமராவே இப்ப கிடையாது." "எங்க மாமனார் கிட்ட இருக்குதுங்க." "உங்க மாமனார் லினக்ஸா போடறாரு?" "அவரு துணிதாங்க போடறாரு, கேமரா மேல, தூசி படாம." சிரிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். எடுப்பதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள், திடுதிப்பென்று எடுப்பதில்லை, முதலில் பொறுப்பாளருக்கு எழுதுவார்கள், பிறகு குழுவில் எல்லாருக்கும் அறிவிப்பு, ஒரு கெடு, கெடுவுக்குள் யாராவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அவருக்குக் கொடுத்துவிடுவார்கள், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். கல்யாண ஓலை மாதிரி, ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிறார்களே. அந்த எண்ணிக்கை விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் பிரிட்டோ இதே மேஜையில் இதே சுகந்தியிடம், "உருமாத்திக்கு எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யம்னா பேச்சே இல்ல, எடுத்துட வேண்டியதுதான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னான். பூஜ்யம் என்றால் ஜெரால்டின் கணினியிலேயே அது இல்லை என்று அர்த்தம். எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் பிரிட்டோ வேலைக்குப் போன பிறகு ஜெரால்டு விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுத்தேன். திருப்பலி பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் அதில்தான் பழக்கம் எனக்கு, கடை மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அழுத்தி வேண்டியதைத் தேடினால் நிறுவுக என்று தமிழிலேயே வரும், அதெல்லாம் ஜெரால்டு சொல்லிக் கொடுத்ததுதான். தேடினேன். உருமாத்தி வந்தது. கீழே அவன் பெயர். அழுத்தினேன். பிறகு அமைப்பில் போய், எண்ணிக்கையில் என்னையும் சேர்த்துக்கொள் என்கிற கட்டத்தில் டிக் போட்டேன், அதைப் போட்டால்தான் கணக்கில் வரும் என்று இவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஒரு கட்டத்தில் ஒரு டிக்.

சும்மா வைத்திருந்தால் பொய்யாகிவிடுமே என்று தினமும் ஒரு தடவை திறப்பேன். இரண்டு பெட்டி வரும். இடது பெட்டியில் அருள் நிறைந்த மரியே வாழ்க என்று அடித்துப் பொத்தானை அழுத்தினால் வலது பெட்டியில் கொக்கியும் புள்ளியும் கேள்விக்குறியுமாக வருகிறது. முதல் நாள் பயந்தேபோனேன், மாதா மந்திரத்தைக் கெடுத்துவிட்டேனே என்று. பிறகு விளங்கியது, இது கெட்டதைச் சரியாக்குகிற சாமான், சரியாக இருப்பதைக் கொடுத்தால் இதற்கு ஒன்றும் செய்யத் தெரியாமல் உடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் எதுவும் அடிப்பதில்லை. திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஆனால் பாருங்கள், நான் ஒன்று நினைத்தேன், நடந்தது வேறொன்று. அடுத்த வாரம் பிரிட்டோ கணினியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணுன்னு காட்டுது" என்றான். எது என்று தெரியாதவள் போலக் கேட்டேன். "உருமாத்தி. யாரோ ஒருத்தர் போட்டிருக்காங்க. பேரு காட்டாது, எண்ணிக்கைதான். ஆனா அவன்தாம்மா. அவனைத் தவிர எவன் இதைப் போடுவான்? திரும்ப வந்து எட்டிப் பாக்கறான்." அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக வாயில் வராத அண்ணன் என்ற சொல் அன்றைக்கு வந்தது, அண்ணனுக்கு இந்தக் கத்திரிக்காய் பிடிக்கும்ல என்றான், கெடுவை ஈஸ்டர்வரை தள்ளிவைக்கலாமா என்று குழுவில் கேட்டான், விதி எழுதியவனே விதியை வளைக்கலாமா என்று யாரோ கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் போய்விடும். சொல்லாவிட்டால் அவன் நம்புவது பொய். போன வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன், இதற்கு எந்தக் கட்டளை, பொய்ச்சாட்சியா, நான் சாட்சியே சொல்லவில்லையே, ஒரு எண்ணிக்கையாக இருக்கிறேன் சாமி என்றால் அந்தச் சின்னச் சாமியார் என்னவென்று பிராயச்சித்தம் கொடுப்பார், என் முறை வந்ததும் அக்கம்பக்கத்தில் கோபப்பட்டதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவனையும் ஏமாற்றி, அவரையும். இல்லை, ஏமாற்றவில்லை. எனக்கு ஒரு காரியம்தான் வேண்டும், ஜெரால்டு பதில் எழுத வேண்டும். எடுக்காதே என்று எழுதட்டும், திட்டி எழுதட்டும். அறிவிப்பு அவனுக்குப் போயிருக்கிறது. அதையும் அவன் படிக்காமல் விட்டால் அப்புறம் எதைப் படிப்பான்.

"கடைசிக்கு வந்தாச்சுங்க" என்கிறாள் சுகந்தி. "உருமாத்தி. பராமரிப்பாளர் பதில் இல்ல. எண்ணிக்கை ஒண்ணு. என்ன பண்றது பிரிட்டோ? உங்க அண்ணன்ங்கிறதால நான் ஒண்ணும் சொல்லலைங்க." "சுகந்தி, கொஞ்சம் இருங்க." "அரைமணி நேரமா இருக்கேனுங்க, குழந்தை எந்திரிச்சிருவான்." கொட்டைகளைக் கிண்ணத்தில் தள்ளினேன், பிதாவுக்கும் சுதனுக்கும், அடுத்த மறையுண்மை சிலுவை சுமப்பது, கண் மேஜைமேல்தான் இருக்கிறது, பிரிட்டோவின் கழுத்துக்குப் பின்னால் முடி வெட்ட வேண்டும், இவனுக்கும் அவனுக்கும் ஒரே சுழி, அதே இடத்தில். டொங் என்றது. பிரிட்டோ நிமிர்ந்தான். "வந்துடுச்சு" என்றான். "அம்மா, அவன்தான். எழுதிட்டான்." படிடா என்றேன். அவன் படித்தான். நீக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கணினியிலிருந்து நான் இதை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் ஒருவர் பயன்படுத்துவதாக எண்ணிக்கை காட்டுகிறது. அவர் யார் என்று குழு விசாரித்ததா? அவருக்குத் தேவை என்றால் சரிசெய்து தருகிறேன். அவரைக் கேட்காமல் நீக்க வேண்டாம். ஜெரால்டு. படித்து முடித்து அந்த ஒரு வருடத்துக்கு மேல் என்பதை மறுபடி படித்தான், சின்னக் குரலில். "அப்ப அது அவன் இல்லியா." சுகந்தி, "எப்படிங்க விசாரிக்கிறது? எண்ணிக்கைதான் வருது, ஆள் வர்றதில்லையே. நாட்டுல எந்த மூலையில இருக்காங்களோ" என்றாள். ஏசுவே, இரட்சியும். சொல்லாமல் இருந்தால் இப்போதும் யாருக்கும் தெரியாது. தேவை என்று அந்த யாரோ எழுதினால் ஜெரால்டு உட்கார்ந்து சரிசெய்வான், வாரம் ஒரு மடல் எழுதுவான், வருஷக்கணக்கில் இழுக்கலாம், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், யாரென்றே தெரியாத ஒருத்தருக்காக ராத்திரி பகல் பார்க்க மாட்டான், நான் இந்தப் பக்கம் தினமும் திறந்து மூடிக்கொண்டிருப்பேன், அவனுடைய வேலை எல்லாம் என் இரண்டு வெற்றுப் பெட்டிக்காக. நன்றாகத்தான் இருக்கும். கேட்பதற்கு மிகவும் நன்றாக இருக்கிறது. ஒரு நிமிஷம் அதிலேயே நின்றேன். பிறகு, "நான்தான்டா" என்றேன்.

"அம்மா, சும்மா இரு." "நான்தான். அந்த லேப்டாப்ல போட்டு வெச்சிருக்கேன். பூஜ்யம்னா எடுத்துடுவோம்னு நீதானே சொன்ன." அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. "நான் அவன்னு நெனச்சேன்" என்றான். "தெரியும்." "தெரிஞ்சும் சொல்லல." "சொல்லல." கணினிக்குள்ளிருந்து சுகந்தி, "ஆன்ட்டி, இது கள்ள ஓட்டு மாதிரில்ல இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பிரிட்டோ கொஞ்ச நேரம் மேஜையைத் தேய்த்தான். "என்ன எழுதட்டும்?" என்றான். எனக்கு எழுதிக் கொடுக்கத் தெரியாது, சொன்னேன், "அந்த ஒருத்தர் அம்மான்னு எழுது. அம்மாவுக்கு அதுல மாத்த ஒண்ணும் இல்ல, எடுத்துடலாம்னு சொல்றாங்கன்னு எழுது." "முந்நூறு பேரும் படிப்பாங்கம்மா." "படிக்கட்டும். அங்க பேசினாத்தானே உங்களுக்குப் பேச்சு." எழுதினான். முதலில் அடித்ததை அழித்துவிட்டு மறுபடி அடித்தான். திரு போட்டியா என்று கேட்கவில்லை. அனுப்பினான். தெருவில் தண்ணீர் லாரி போனது, குடம் உருண்டது, கையில் புளி காய்ந்து இழுத்தது. பதில் வரும் என்று நினைக்கவும் இல்லை வராது என்று நினைக்கவும் இல்லை. வந்தது. பிரிட்டோ குரலை ஏற்றாமல் படித்தான். பயன்படுத்துபவர் சம்மதித்துவிட்டதால் நீக்கலாம். அந்தக் கணினி லினக்ஸின் எந்தப் பதிப்பில் ஓடுகிறது? நான் விட்டுவந்தபோது இருந்த பதிப்பு என்றால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்று வெகுநாளாகிறது. அதில் அவர்களை விட்டுவைத்திருப்பது யார் பொறுப்பு? "என்னைச் சொல்றான் பாரு" என்றான் பிரிட்டோ. "வீட்டை விட்டுப் போனது இவன், பொறுப்பு யாருன்னு கேள்வி எனக்கு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய் அந்த லேப்டாப்பைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தான். எந்தப் பதிப்பு என்று பார்த்து எழுதினான். உடனே பதில். இவன் எழுதினான். அவன் எழுதினான். நடுவில் சுகந்தி குழந்தையோடு வந்து, "எடுத்துட்டேனுங்க, பட்டியல்ல இப்ப இல்ல" என்று சொன்னது இவன் காதில் விழவில்லை. "அதான் எடுத்தாச்சாம்ல, இன்னும் என்னடா அடிக்கிற?" என்றேன். "விட மாட்டேங்கறான்ம்மா. நான் உனக்குப் போட்டுக் குடுக்கப்போறது சரியில்லியாம். உன் கண்ணுக்கு எழுத்துப் பெருசா இருக்கற வேற ஒண்ணு இருக்காம். எனக்குத் தெரியாதா? பெரிய இவன்." டக் டக் என்று அடித்தான். விரலில் அவ்வளவு கோபம். கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது, சிலுவைப்பாதைக்கு நேரமாகிறது, கை கழுவ வேண்டும், சேலை மாற்ற வேண்டும். சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்தது. நான் குறுக்கே போகவில்லை.